வீட்டுக்குச் சில்லுப் பூட்டலாமா?

எமது அத்தானுக்குச் சென்ற சித்திரையில் அறுபது வயது நிறைந்தது. அரசாங்கத் திணைக்களம் ஒன்றிலே முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் படவரைஞராகக் கடமையாற்றியவர் அவர். குளக்கட்டுகளும் வாய்க்கால்களும் பாலங்களும் அவர் விரல்வழியே எத்தனையோ தாள்களில் உருப்பெற்றன. அவற்றுள் அவர் நேரிற் சென்று கண்டவை மிகச் சிலவே. அலுவலகத்தார் பிரியாவிடை அளித்த அன்று மாலை, கழுத்திலிட்ட மாலை வாடுமுன்னரே எம்மை அழைப்பித்தார். விறாந்தை மேசையிலே பெரிய தாளொன்று விரித்திருந்தது. அளவு பிசகாது கோடுகள் இழுத்து, ஓரங்களில் இலக்கங்களும் குறித்திருந்தார்.

“இது எந்தக் குளம், அத்தான்?” என்று கேட்டோம்.

“குளமில்லைத் தம்பி, வீடு. சில்லுப் பூட்டின வீடு” என்றார்.

உற்று நோக்கினோம். அது ஒரு வான். அதன் வயிற்றிலே இருவர் படுக்கத்தக்க கட்டில். பகலில் அதுவே மடிந்து வாங்காகும். ஒரு மூலையில் எரிவாயு அடுப்பு, மறு மூலையில் 40 லீற்றர் தண்ணீர்த் தாங்கி, கூரைமேல் சூரிய ஒளியில் மின்சாரம் எடுக்கும் தகடு. அக்காளின் மருந்துப் பெட்டிக்கும் சுவாமி படத்துக்கும் தனித்தனித் தட்டுகள்கூட வரைந்திருந்தார். மேல்நாட்டார் ‘கேம்பர் வான்’ என்று சொல்வது இதனைத்தான்.

“பணிக்கொடை வரும். சேமிப்பும் கொஞ்சம் இருக்கு. தென்னங்காணித் துண்டையும் விற்றால் காசு பொருந்தும். நீர் கணக்குப் படிப்பிக்கிற ஆள். வாங்கலாமா, விடலாமா என்று பார்த்துச் சொல்லும்” என்றார் அத்தான்.

கல்லூரியிலே கணக்கியல் கற்பிக்கும் எமக்குப் பிறர் பணத்தை எண்ணிப் பார்ப்பதில் என்றுமே ஓர் உற்சாகம் உண்டு. தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அமர்ந்தோம். அக்காள் தேநீர் கொணர்ந்து வைத்துவிட்டு, படத்தை ஒருமுறை பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அடுக்களைக்குள் போய்விட்டார். அதனை அப்போது நாம் கவனிக்கவில்லை.

இந்த ஆசை அத்தானுக்கு எங்கிருந்து வந்தது என்று வாசகர்கள் வினவலாம். ஜேர்மனியில் வாழும் எமது மருமகன், அந்நாட்டில் ஓய்வுபெற்ற முதியோர் இத்தகைய வாகனங்களிலே ஊர் ஊராகத் திரிவதைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். அந்நாட்டின் வொல்க்ஸ்வாகன் வானுக்குள் படுக்கையும் பெட்டியும் பொருத்தும் வழக்கம் 1951 ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. அதற்கும் முன்னோடி ஒருவர் உண்டு. பிரித்தானியக் கடற்படையில் வைத்தியராயிருந்து ஓய்வுபெற்ற வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர், 1885 ஆம் ஆண்டிலே வீடு போன்றதொரு வண்டியைச் செய்வித்து, இரண்டு குதிரைகளைப் பூட்டி, இங்கிலாந்திலிருந்து ஸ்கொத்லாந்தின் வடபகுதி வரை சென்று, அதனை நூலாகவும் எழுதினார். அமெரிக்க எழுத்தாளர் ஜோன் ஸ்டைன்பெக், 1960 இல், தமது 58 ஆம் வயதிலே, ஒரு நாயைத் துணையாகக் கொண்டு இத்தகைய வாகனத்தில் தம் நாட்டைச் சுற்றினார்.

இவற்றை எல்லாம் அத்தான் படித்து வைத்திருந்தார். அவர் சொல்லாமல் விட்ட இரண்டு செய்திகளை நாம் தேடிப் பிடித்தோம். வைத்தியர் ஸ்டேபிள்ஸ் தனியே போகவில்லை. குதிரைகளைப் பார்க்க ஒருவரும், முன்னே மூன்று சில்லுச் சைக்கிளில் சென்று வழி பார்க்க ஒருவருமாக வேலையாட்கள் உடன் சென்றனர். ஸ்டைன்பெக்கின் பயணத்தைப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்களோ, அவர் பல இரவுகளை விடுதிகளிலே கழித்தார் என்று காட்டியிருக்கின்றனர். ஆகவே, வாகனத்தில் வாழ்ந்த சுகத்தை எழுதியவர்களுக்கும் வாகனத்துக்கு வெளியே ஓர் உதவி தேவைப்பட்டது.

நம் முன்னோருக்கும் இது புதியதன்று. எமது பேரனார் காலத்திலே குடும்பத்தோடு கோயிலுக்குப் போவதென்றால் கூடார வண்டில்தான். உள்ளே வைக்கோற் பரப்பு, அதன்மேற் பாய், பின்புறத்திலே பானையும் அரிசியும், அச்சின் கீழே ஆடும் அரிக்கன் இலாம்பு. அவர்கள் வண்டிலுக்குள்ளே வாழ முற்படவில்லை. வழியிலே மடம் இருந்தது. மடத்தருகே கிணறோ கேணியோ இருந்தது. சுமை இறக்கச் சுமைதாங்கி இருந்தது. பருத்தித்துறையிலே வீதியையே கூரையால் மூடி நிற்கும் தெருமூடிமடத்தை இன்றும் காணலாம். சிங்கள ஊர்களிலே இதனையே அம்பலம் என்பர். வழிப்போக்கனுக்குக் கூரை கொடுப்பது ஊராரின் கடன் என்று இருந்த காலம் அது.

இனிக் கணக்குக்கு வருவோம். தெரிந்த ஒருவர் விற்க நின்ற பழைய ஜப்பானிய வானுக்குக் கேட்ட விலை 50 இலட்சம் ரூபா. இந்நாட்டில் 2020 பங்குனியில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 மாசியிலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. பழைய வாகனங்கள் விலையேறியதற்கு அதுவும் ஒரு காரணம். உள்ளே கட்டில், தாங்கி, மின்கலம் முதலியன பொருத்த 10 இலட்சம். ஆக 60 இலட்சம். அப்பணத்தை நூற்றுக்கு 8 வீத வட்டிக்கு வங்கியில் இட்டதாகக் கொண்டால், ஆண்டுக்கு 4,80,000 ரூபா வரும். வானை வாங்கினால் அது வராது. காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, டயர், திருத்தவேலை என்று ஆண்டுக்கு 1,80,000 வைத்தோம். இரண்டும் சேர்ந்து 6,60,000. ஆண்டிலே முப்பது இரவு வெளியில் தங்கினால் ஓரிரவுக்கு 22,000 ரூபா. டீசல் வேறு. துப்புரவான விடுதி அறை ஒன்று 8,000 ரூபாவுக்குக் கிடைக்கிறது. மிகுதி 14,000 ரூபாவில் வாடகை வானும் சாரதியும் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பணத்தோடு பிற இடர்களையும் வரிசையாக எழுதினோம். வாகனத்தின் அமைப்பை மாற்றுவதென்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். மேல்நாடுகளில் இத்தகைய வாகனங்களுக்கென்று தண்ணீரும் மின்சாரமும் கழிவறையும் உள்ள தரிப்பிடங்கள் உண்டு. நம் வீதிகளில் அவற்றைக் காண்பது அரிது. காட்டுப் பூங்காக்களுக்குள் குறித்த இடங்களிலன்றி, முன்கூட்டிப் பதியாமல் தங்க இயலாது. இரவிலே யானை வீதிக்கு வரும். சமதரையில் நிறுத்திய வான் வைகாசி வெயிலிலே போறணை போலாகிவிடும். மேலும், 2022 ஆம் ஆண்டிலே எரிபொருளுக்காக இரவு பகலாக வரிசையில் நின்றதை மறந்தவர் எவர்?

இவ்வாறு எழுதி, அடியிலே இரட்டைக் கோடிட்டு, ‘வாங்குவது உசிதமன்று’ என்று முடித்துக் கொடுத்தோம். அத்தான் மூக்குக்கண்ணாடியை மாட்டி, ஒவ்வொரு வரியாக வாசித்தார்.

“எல்லாம் சரி தம்பி. இந்தக் கணக்கிலே என்னுடைய வயது எந்த வரியில் இருக்கு?”

நாம் விழித்தோம்.

“எழுபது வரை கையும் காலும் ஓடும் என்று வையும். பத்து வருஷம். வருஷத்துக்கு முப்பது இரவென்றால் முந்நூறு இரவு. முப்பத்தைந்து வருஷம் மேசையிலே குனிந்தவனுக்கு மிஞ்சியிருக்கிறது அந்த முந்நூறும்தான். அதுக்கு நீர் என்ன விலை போடுவீர்?”

எமது கணக்கியலிலே அதற்கு விடை இருக்கவில்லை. தேய்மானம் என்று ஒரு தலைப்பு உண்டு. அதனை வாகனத்துக்குப் போட்டோமேயன்றி மனிதருக்குப் போட்டுப் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிறு, வானை நேரிற் பார்ப்பதென்று தீர்மானமாயிற்று. இம்முறை அக்காளையும் அத்தான் வற்புறுத்தி அழைத்து வந்தார். வாகனம் திருத்தும் கொட்டகை ஒன்றிலே அது நின்றது. நீளம் 4.7 மீற்றர், அகலம் 1.7 மீற்றர். உள்ளே நிமிர்ந்து நிற்க இயலாது. அத்தான் குனிந்தவாறே அங்குமிங்கும் நகர்ந்து, “இஞ்சை கட்டில், இஞ்சை அடுப்பு, இஞ்சை உம்முடைய மருந்துப் பெட்டி” என்று சிறுபிள்ளையைப் போலக் காட்டினார். அக்காள் உள்ளே ஏறி, பின்னிருக்கையில் அமர்ந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் வெளியே பார்த்தபடி இருந்தார்.

“படுக்க இடமிருக்கு. சமைக்கவும் இடமிருக்கு. தெருவோரத்திலே வாகனத்துக்குள்ளே சமைச்சுப் படுக்கிறது எப்படியென்று எனக்குத் தெரியும்தானே” என்றார்.

அத்தானின் கை அந்தரத்தில் நின்றது. எமக்கும் அப்போதுதான் நெஞ்சிலே தைத்தது.

1995 ஆம் ஆண்டு ஐப்பசி 30 ஆம் நாள் இரவு. வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவிலே தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்த அந்த இரவை இப்பகுதியின் முதியோர் அறிவர். இளைய மாணவர்கள் வீட்டிலே கேட்டறியலாம். எமக்கு அப்போது பதினாறு வயது. அயலவரின் லாண்ட்மாஸ்டர் பெட்டியிலே பாத்திரங்களுக்கும் பாய்ச் சுருளுக்கும் நடுவே எட்டு மாதக் குழந்தையோடு அக்காள் இருந்தார். மேலே ஒரு படங்கு. மழை பெய்தது. அத்தானும் நாமும் பின்னே நடந்தோம். நாவற்குழிப் பாலத்தை அடையுமுன்னரே விடிந்துவிட்டது. ஓரடி நகர்வதற்கு அத்தனை நேரம். கைதடிப் பக்கத்திலே வீதியோரமாக அந்தப் பெட்டிக்குள்ளேயே அக்காள் இரண்டு இரவுகள் கழித்தார். மூன்று கல்லை வைத்துக் கஞ்சி காய்ச்சினார். பின்னர் ஒரு பள்ளிக்கூட விறாந்தை. அதன்பின் ஒரு நல்ல மனிதரின் மாட்டுக்கொட்டில். ஆறு மாதம் சென்று, 1996 சித்திரையிலே ஊர் திரும்பினோம்.

அந்த ஆறு மாதமும் வீட்டுத் திறப்பை அக்காள் சேலைத் தலைப்பிலே முடிந்து வைத்திருந்தார். திரும்பி வந்தபோது திறப்பு இருந்தது, கதவு இருக்கவில்லை. நிலையோடு கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

அன்று தொடக்கம், கலியாண வீடானாலும் கோயில் திருவிழாவானாலும், அக்காள் எங்கு போனாலும் கடைசிப் பஸ்ஸையாவது பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவார். அதனைப் பிடிவாதம் என்று நாமெல்லோரும் பகடி பண்ணியிருக்கிறோம். முப்பது ஆண்டுகளாக அதன் காரணத்தை ஒருவரும் கேட்டதில்லை. அத்தான் வரைந்த படத்திலும் எமது கணக்கிலும் அக்காளுக்கென்று ஒதுக்கிய இடம் மருந்துப் பெட்டியின் தட்டு மட்டுமே. அந்தக் கட்டிலிலே படுக்கப்போகிறவர் அவர். அந்த அடுப்பிலே சமைக்கப்போகிறவரும் அவர். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே விலை பேசப் போயிருந்தோம்.

வீடு திரும்பும் வழியில் ஒருவரும் பேசவில்லை. வாசலில் இறங்கியபின் அக்காளே பேச்சைத் தொடக்கினார்.

“இஞ்சாருங்கோ, நான் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கும் ஊர் பார்க்க ஆசைதான். போற இடத்திலே இரவுக்குச் சாத்த ஒரு கதவு வேணும். திரும்பி வரேக்க எங்கடை கதவு இருக்க வேணும். அவ்வளவுதான்.”

அத்தான் அன்றிரவு அந்தப் பெரிய தாளைச் சுருட்டிப் பரணிலே வைத்தார். மறுநாட் காலையிலே வேறொரு தாளை விரித்துவிட்டார். இம்முறை இலங்கைப் படம். பருத்தித்துறை முனையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை 430 கிலோமீற்றர் அளவே நீளமுள்ள நாட்டிலே, எந்த இடத்திலிருந்தும் மாலைக்குள் ஓர் ஊரை அடையலாம், ஊரிலே ஒரு கதவைக் கண்டுபிடிக்கலாம் என்பது அவர் கண்ட புது நியாயம். வாடிவீடுகள், திணைக்கள விடுதிகள், கோயில் மடங்கள் எல்லாவற்றையும் சிவப்பு மையினாற் குறித்தார்.

சென்ற ஓகஸ்ட் விடுமுறையிலே ஒன்பது நாட் பயணம். வாடகை வான், எமது பழைய மாணாக்கன் ஒருவனே சாரதி. அத்தான், அக்காள், நாம், எமது இல்லத்தரசியார், பிள்ளைகள் இருவர். புறப்படும்போது அக்காள் வீட்டைப் பூட்டி, பூட்டை இரண்டுமுறை இழுத்துப் பார்த்து, திறப்பை அயல்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்து, “பொழுதுபட விளக்கை ஏற்றிவிடு, பிள்ளை” என்றார். திறப்பைக் கையைவிட்டுக் கொடுத்ததை நாம் கண்டது அதுவே முதன்முறை.

திருக்கோணேசுவரத்தில் தொடங்கி, கிழக்குக் கரையோரமாக இறங்கினோம். ஒருகாலத்திலே துறைதோறும் பாதையில் ஏறிக் கடக்கவேண்டியிருந்த வீதி அது. 2009 இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலத்தின் நடுவிலே வானை மெதுவாகச் செலுத்தச் சொல்லி, 396 மீற்றரையும் அத்தான் கண்ணால் அளந்தார். மட்டக்களப்பில் இரண்டு இரவு. பொத்துவிலைக் கடந்து உகந்தை முருகனை வணங்கினோம். அங்கிருந்து கதிர்காமத்துக்குக் காட்டுவழி, பாதயாத்திரைக் காலத்திலே நடப்பவர்களுக்கே உரியது. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து அத்தனை தூரத்தையும் கால்நடையாகவே கடக்கும் அடியார்கள், ஒரு துணிப்பையோடு போகிறார்கள். எமது வானின் பின்புறத்தைத் திரும்பிப் பார்த்தோம்; அறுவருக்குப் பதினொரு பொதிகள். வெட்கமாயிருந்தது.

நாம் மொனராகலை, புத்தளை வழியாகச் சுற்றிக் கதிர்காமம் சேர்ந்தோம். வழியிலே யானையொன்று வீதியோரத்தில் நின்று, சுங்கம் அறவிடும் அதிகாரியைப் போல வாகனங்களை மறித்துப் பார்த்தது. “சில்லுப் பூட்டின வீட்டிலே இரவு இஞ்சை நின்றிருந்தால் எப்படியிருக்கும்?” என்று அக்காள் கேட்க, அத்தானே முதலிற் சிரித்தார்.

எட்டாம் நாள் தெய்வேந்திரமுனை. 1588 இல் போர்த்துக்கீசர் இடித்த பெருங்கோயிலை எண்ணித் தொண்டேசுவரப் பெருமானை வணங்கினோம். பின்னர், இந்நாட்டிலே மிக உயர்ந்ததாகிய 49 மீற்றர் வெளிச்சவீட்டின் அடியில் நின்றோம். அத்தான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கற்பாறையில் நெடுநேரம் நின்றார்.

“எத்தனைமுறை இந்த முனையைக் கோடாகக் கீறியிருப்பேன். இவ்வளவு காற்று இருக்கும் என்று தெரியாது” என்றார்.

அக்காள் அவர் பக்கத்திலே போய் நின்றார். அன்றிரவு மாத்தறையிலே தங்கினோம். ஒன்பது நாட்களிலே வீட்டுக்கு இரண்டுமுறை மட்டுமே அக்காள் தொலைபேசி எடுத்தார். இரண்டுமுறையும் விளக்கேற்றியாயிற்றா என்பதே கேள்வி.

கொழும்பு, புத்தளம், அனுராதபுரம் வழியாக, ஏறத்தாழ 1,400 கிலோமீற்றர் ஓடி முடித்து, ஒன்பதாம் நாள் இரவு ஊர் சேர்ந்தோம். செலவைக் கூட்டிப் பார்த்தபோது, எமது பழைய கணக்கின் ஓரிரவு 22,000 ரூபாவுக்கு உள்ளாகவே அது அடங்கியிருந்தது. அத்தானுக்கு அதனைச் சொன்னோம், “அப்போ முந்நூறிலே எட்டுப் போச்சு. அடுத்தது எப்போது?” என்றார்.

ஓய்வுக் காலத்துக்கென்று இப்படியொரு வாகனம் வாங்க எண்ணுவோர் இத்தீவிலும் மேல்நாட்டிலும் உளர். வேண்டாமென்று எல்லோருக்கும் சொல்ல நாம் முன்வரோம். பணமும் உடல்நலமும் இருவர் மனமும் ஒத்திருந்தால் அது நல்ல வாழ்வுதான். வாங்குமுன்னர் ஒருமுறை வாடகை வாகனத்திலே போய்ப் பாருங்கள். அதற்கும் முன்னர், கூட வரப்போகிறவரைக் கேளுங்கள். அவர் மௌனமாயிருந்தால் அதனைச் சம்மதமென்று கொள்ளாதீர்கள்.

எமக்கு இன்னொரு பாடமும் கிடைத்தது. எமக்கு ஓய்வு கிடைக்க இன்னும் பதினான்கு ஆண்டுகள் உண்டு. ஆண்டுதோறும் அரசாங்கம் தரும் புகையிரத வாரன்டுகளை நாம் பெரும்பாலும் எழுதுவிக்காமலே விட்டிருக்கிறோம். ‘பிள்ளைகளின் பரீட்சை முடியட்டும்’, ‘வீட்டுக்கடன் தீரட்டும்’ என்பதே எப்போதும் சொல்லும் நியாயம். சென்ற கிழமை எமது இல்லத்தரசியார் ஒன்றும் பேசாமல் நாட்காட்டியிலே டிசம்பர் விடுமுறையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தார். மௌனத்தின் பொருளைக் கேட்டறியும் பழக்கம் இப்போது வந்துவிட்டபடியால், எங்கே போக விருப்பம் என்று கேட்டோம். பதில் ஆயத்தமாகவே இருந்தது.

அன்றிரவு நாம் வந்திறங்கிய காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒழுங்கை இருட்டு. அக்காள் எல்லோருக்கும் முன்னே இறங்கி விரைந்து நடந்தார். படலையைத் தள்ளினார். விறாந்தையிலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சாமான்களை இறக்க வரும்படி நாம் அழைத்தது அவர் காதில் விழவில்லை. மூடியிருந்த கதவின்மேல் உள்ளங்கையை வைத்தபடி, அயல்வீட்டுப் பெண் திறப்பைக் கொண்டுவரும்வரை அங்கேயே நின்றார்.